பழைய ஹாம் செட்டைச் சீர்செய்யும் வரிசை

பழைய ஹாம் ரேடியோ செட் ஒன்று கைக்கு வந்ததும் எழும் முதல் ஆசை, பிளக்கைச் சொருகிப் பார்ப்பதுதான். பல செட்டுகள் சாவதும் அந்த நிமிடத்தில்தான். முப்பது ஆண்டு பரணில் கிடந்தபோது கெடாத டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்த ஒரே காரணத்தால் சில நிமிடங்களில் கருகிவிடும். கருகிய பிறகு அதே டிரான்ஸ்ஃபார்மரை எங்கே தேடுவது?

பழைய செட்டில் கிடைப்பதற்கு அரிய பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர், காயில், கிரிஸ்டல், டியூனிங் கேங், பாதி வால்வுகள் எல்லாம் அந்த வகை. கெட்டுப்போவது கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கெப்பாசிட்டர், மதிப்பு மாறிய ரெசிஸ்டர், பாசி பிடித்த சுவிட்ச் முனை. மலிவான பாகத்தின் பழுது விலைமதிப்பற்ற பாகத்தைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே பழுதுபார்ப்பவரின் வேலை. அதற்கான வரிசை இது: முதலில் கண், பிறகு மீட்டர், பிறகு மின்சாரம், பிறகு சிக்னல், எல்லாம் முடிந்த பின்பே காயில் திருகு.

இந்த அத்தியாயத்தில் இரண்டு வகை செட்டுகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று, 1940கள், 50களின் முழு வால்வு ரிசீவர். மற்றொன்று, 1970களில் வந்த யேசு எஃப்டி-101ஈ போன்ற கலப்பு டிரான்ஸீவர். இதில் டிரைவருக்கு ஒரு 12பிஒய்7ஏ, இறுதிக் கட்டத்துக்கு இரண்டு 6ஜேஎஸ்6சி என மூன்று வால்வுகள் மட்டுமே, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர்.

முதலில் உங்கள் உயிர்

வால்வு ரிசீவரில் 250 வோல்ட் டிசி சாதாரணம். எஃப்டி-101ஈயின் இறுதி வால்வுகளின் தலைமுனையில் சுமார் 600 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அந்த மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின்னேற்றத்தை இறக்க ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். தீப்பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் கிளிப்பும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேசிஸில் மாட்டி, மறுமுனையால் கெப்பாசிட்டரின் பாசிட்டிவைச் சில விநாடிகள் தொட்டுப் பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள். அளக்காமல் கை வைக்கக் கூடாது.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் வேலை செய்யுங்கள். மறுகை சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும். காலில் செருப்பு, தரையில் ரப்பர் பாய், வீட்டில் இன்னொருவர் விழித்திருப்பது ஆகிய மூன்றும் வேண்டும்.

சில செட்டுகளில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனம் 1946இல் கொண்டுவந்த எஸ்-38 அந்த வகை. பிளக்கை எந்தப் பக்கம் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் சேசிஸே லைனோடு சேர்ந்திருக்கும். இத்தகைய செட்டை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மேசையில் வைக்கவே வேண்டாம். வேரியாக் அந்த வேலையைச் செய்யாது. அது வோல்டேஜைக் குறைக்குமே தவிர, லைனிலிருந்து பிரிக்காது.

உலகப் போர்க்கால இராணுவ செட்டுகளில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இருட்டில் ஒளிரும் டயல் எழுத்துகளில் ரேடியம் இருக்கலாம். அவற்றைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. எண்ணெய் நிரப்பிய பெரிய உலோக கெப்பாசிட்டர்களில் நச்சு எண்ணெய் இருக்கலாம். கசிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள்.

கண்ணால் பார்ப்பது

மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, கைப்பேசியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுப்பது. எந்த வயர் எங்கே போனது என்ற சந்தேகம் பிறகு நிச்சயம் வரும்.

அடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். டியூனிங் கேங்கின் தகடுகளை வளைத்துவிடாதீர்கள். அதை முழுவதும் மூடிய நிலையில் வைத்துச் சுத்தம் செய்வது நல்லது. பிறகு நிதானமாகத் தேடுங்கள்:

• உப்பிய, அடியில் கசிந்த எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்
• மெழுகு வழிந்த காகித கெப்பாசிட்டர்கள்
• கருகிய ரெசிஸ்டர், நிறம் மாறிய போர்டு
• தொட்டாலே உதிரும் ரப்பர் இன்சுலேஷன் வயர்
• எலி கடித்த இடம், கரப்பான் கூடு
• உள்ளே வெள்ளையாகிவிட்ட வால்வு. வெள்ளி நிறப் பூச்சு வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்
• முன்பு யாரோ செய்த அவசர வேலை: தடித்த ஈயம், தொங்கும் வயர், ஃபியூஸுக்குப் பதில் கம்பி

கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால், அந்த செட்டில் ஏதோ ஒன்று ஃபியூஸை மறுபடி மறுபடி எரித்திருக்கிறது.

கடலோர ஊர்களில் கிடந்த செட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்றில் சேசிஸ் திருகுகள் துருப்பிடித்து, பாகங்களின் எர்த் இணைப்பே அறுந்துபோகும். திருகைக் கழற்றி, அடியில் சுரண்டி, மறுபடி இறுக்கினாலே சில செட்டுகள் பேச ஆரம்பித்துவிடும்.

மீட்டரால் அளப்பது

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள்.

முதலில் பவர் டிரான்ஸ்ஃபார்மர். பிரைமரியில் சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்ட வேண்டும். பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. அடுத்து, உயர் வோல்டேஜ் பாதைக்கும் சேசிஸுக்கும் இடையே அளவிடுங்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது எண் மெல்ல ஏறி, பல பத்தாயிரம் ஓமில் நிற்க வேண்டும். சில நூறு ஓமில் நின்றுவிட்டால் ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

பிறகு ரெசிஸ்டர்கள். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் ஈரத்தாலும் சூட்டாலும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். 100 கிலோ ஓம் என்று நிறக்கோடு சொல்லும். மீட்டர் 160 என்று காட்டும். குறிப்பிட்டதைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதை மாற்றிவிடுங்கள். சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கப் பாதைகளால் மதிப்பு குறைவாகத்தான் தெரியும். அப்படியும் அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் கெட்டதில் சந்தேகமே இல்லை.

மெயின்ஸ் வோல்டேஜ் அமைப்பையும் இப்போதே பாருங்கள். அமெரிக்க செட்டுகள் 117 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் செட் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அதற்குச் சற்றுக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பது நல்லது. எஃப்டி-101 வரிசையில் 100 முதல் 234 வோல்ட் வரை பல நிலைகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் எது இணைக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 220 நிலையில் உள்ள செட்டுக்கு 240 வோல்ட் கொடுத்தால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 வோல்ட் அளவுக்குப் போகும். வால்வின் ஆயுள் அதனால் குறையும்.

கேள்வி கேட்காமல் மாற்ற வேண்டியவை

சில பாகங்களைச் சோதித்துப் பார்ப்பதே நேர விரயம்.

காகித கெப்பாசிட்டர்கள்: மெழுகு பூசியவை, கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை எல்லாமே கசியும். அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போடுங்கள்.

எலக்ட்ரோலைட்டிக்குகள்: நீண்ட காலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் உள்ளே அலுமினியத்தின் மேலுள்ள ஆக்ஸைடு படலம் மெலிந்துவிடும். பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வோல்டேஜ் ஏற்றினால் அந்தப் படலம் மறுபடி உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளிருக்கும் திரவம் காய்ந்துபோயிருந்தால் அந்த வைத்தியம் பலிக்காது. நாற்பது ஆண்டைக் கடந்ததை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. வோல்ட் மதிப்பு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். 16 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22 போடலாம். ஆனால் வால்வு ரெக்டிஃபையரை அடுத்த முதல் கெப்பாசிட்டரை 100 என்று பெரிதாக்கினால் ரெக்டிஃபையர் தாங்காது.

மெயின்ஸ் கெப்பாசிட்டர்: லைனிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். அந்த இடத்தில் ஒய்2 வகை, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எக்ஸ்2 வகை மட்டுமே போட வேண்டும். கூடவே, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுக்கு எர்த் உள்ள மூன்று கோர் கார்டு. ஃபியூஸ் லைன் பக்கம் முதலாவதாக வர வேண்டும், சுவிட்ச் அதற்கு அடுத்து.

செலினியம் ரெக்டிஃபையர்: எரிந்தால் கெட்ட நாற்றமும் நச்சுப் புகையும் வரும். 1என்4007 டையோடு போட்டு, கூடுதலாக வரும் வோல்டேஜைக் குறைக்கத் தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேருங்கள்.

மாற்றக் கூடாதவையும் உண்டு. டியூனிங் சர்க்யூட்டில் உள்ள மைக்கா, செராமிக் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவற்றைக் கும்பலாக மாற்றினால் டயல் அளவே பிசகிவிடும். எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டு மூன்று பாகங்களை ஒரே சமயத்தில் கழற்றி வைத்தால் இடம் மாறிப் போகும்.

முதல் மின்சாரம்

இதற்குச் சீரிஸ் லாம்ப் போர்டு வேண்டும். செட்டுக்குப் போகும் லைன் வயரில் ஒரு பல்பைத் தொடராக இணைப்பதுதான் அது. பழைய டங்ஸ்டன் இழை பல்பாக இருக்க வேண்டும், எல்இடி உதவாது. ரிசீவருக்கு 60 அல்லது 100 வாட் போதும். 100 வாட் பல்பு இருந்தால், செட் முழு ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியரைத் தாண்டாது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்க வேண்டும். அப்படி மங்கினால் நல்ல செய்தி. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கோ ஷார்ட். முதலில் மங்கி, வால்வுகள் சூடான பிறகு பிரகாசம் ஏறினால், உயர் வோல்டேஜ் பாதையில் கசிவு. எஃப்டி-101ஈயில் ஹீட்டர் சுவிட்ச் தனியாக உள்ளது. அதை அணைத்துவிட்டு ரிசீவர் பகுதியை மட்டும் முதலில் பாருங்கள்.

பல்பு மங்கலாக நின்றால் பத்து நிமிடம் கவனியுங்கள். புகை, வாசனை, உறுமல் எதுவும் இல்லையென்றால் பல்பை நீக்கி நேராக இணைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள வோல்டேஜ் அட்டவணையை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 20 சதவீத வேறுபாடு இயல்பு. பழைய மேனுவல்கள் முள் மீட்டரால் அளந்து எழுதப்பட்டவை. உயர் ரெசிஸ்டன்ஸ் உள்ள இடங்களில் அந்த மீட்டரே வோல்டேஜைச் சற்று இழுத்துவிடும். அதே இடத்தில் இன்றைய டிஜிட்டல் மீட்டர் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம்.

ரிசீவர்: ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி

வோல்டேஜ்கள் சரி, ஆனால் சத்தம் இல்லை. இப்போது ஸ்பீக்கரில் தொடங்கி ஆண்டெனாவை நோக்கிப் பின்னால் போங்கள்.

1. ஆடியோ. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில், வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையை, பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி சிறு ஸ்குரூ டிரைவர் நுனியால் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற ஓசை வந்தால் ஆடியோ பகுதி உயிரோடு இருக்கிறது. வந்தாலும் குரல் கரகரத்தால் அவுட்புட் வால்வின் கிரிட் வோல்டேஜை அளவிடுங்கள். 6வி6 போன்ற, கேத்தோடு வழி பயஸ் பெறும் வால்வின் கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் பாசிட்டிவ் தெரிந்தால் முந்தைய கட்டத்திலிருந்து வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது.

2. ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை). சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 455 கிலோஹெர்ட்ஸை ஒவ்வொரு ஐஎஃப் கட்டத்திலும் 630 வோல்ட் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தைத் தாண்டியதும் ஓசை நிற்கிறதோ, பழுது அங்கே. எல்லா செட்டும் 455 அல்ல. போர்க்கால பிசி-348 ரிசீவரில் 915 கிலோஹெர்ட்ஸ்.

3. ஆஸிலேட்டர். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். பக்கத்தில் ஒரு ஷார்ட் வேவ் ரேடியோ போதும். 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் உள்ள செட்டை 7.100 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், அதன் ஆஸிலேட்டர் பொதுவாக 7.555இல் ஓடும். அந்த இடத்தில் ரேடியோவை வைத்து, செட்டின் டயலைத் திருப்பும்போது கூடவே ஓசையும் நகர்ந்தால் ஆஸிலேட்டர் வேலை செய்கிறது. எஃப்டி-101ஈயில் விஎஃப்ஓ என்னும் டியூனிங் ஆஸிலேட்டர் 8.7 முதல் 9.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அதே முறையில் கேட்டுவிடலாம்.

4. ஆர்எஃப். ஒரு பேண்டில் மட்டும் சத்தம் இல்லையென்றால் பேண்டு சுவிட்ச் முனையையோ அந்த பேண்டின் கிரிஸ்டலையோ சந்தேகியுங்கள். சுவிட்ச் முனையில் ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனரைப் பஞ்சுக் குச்சியால் தடவி, பலமுறை திருப்புங்கள். நேராகப் பீய்ச்சியடித்தால் சுவிட்சின் பழுப்பு அட்டை அதை உறிஞ்சிக்கொண்டு கசிவு உண்டாகும்.

எஃப்டி-101ஈயின் போர்டுகள் சொருகிக் கழற்றும் வகை. அந்த விளிம்பு முனைகளில் பாசி பிடிப்பது மிகச் சாதாரணம். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, திரும்பச் சொருகுங்கள். வேறெந்தப் பழுதையும் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

டிரான்ஸ்மிட்டர்

அமெச்சூர் உரிமம் இல்லாதவர் ஆண்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. உரிமம் இருந்தாலும் சோதனையை டம்மி லோடில்தான் செய்ய வேண்டும். 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட் லோடு கிடைக்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடாது; அது காயிலாக நடந்துகொள்ளும்.

எஃப்டி-101ஈயில் முதலில் மாற்ற வேண்டியது, 12பிஒய்7ஏயின் பிளேட்டுக்கும் இறுதி வால்வுகளின் கிரிட்டுக்கும் நடுவே உள்ள சிறு கப்ளிங் கெப்பாசிட்டர். அது கசிந்தால் டிரைவரின் சுமார் 300 வோல்ட் நேராக 6ஜேஎஸ்6சியின் கிரிட்டில் பாயும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் செய்யப்பட்ட அந்த வால்வுகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. 100 பிக்கோஃபாரட், 1000 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் நல்ல கெப்பாசிட்டர் போட்டுவிடுங்கள்.

பிறகு ஹீட்டரைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சைடுபேண்டு நிலையில், மைக் கெயினைப் பூஜ்யத்தில் வைத்து, மைக்கின் பேசும் பொத்தானை (பிடிடி) அழுத்துங்கள். மீட்டரில் 60 மில்லி ஆம்பியர் வரும்படி பயஸைச் சரிசெய்யுங்கள். கரண்ட் தானாக ஏறிக்கொண்டே போனால் விடுங்கள், அணையுங்கள். பயஸ் வோல்டேஜையும் அந்தக் கப்ளிங் கெப்பாசிட்டரையும் மறுபடி பாருங்கள். டியூன் செய்யும்போது ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் கேரியர் கொடுக்காதீர்கள். இடையில் அரை நிமிடம் ஆறவிடுங்கள். இறுதி வால்வுகளை மாற்றினால் நியூட்ரலைசேஷனையும் மறுபடி செய்ய வேண்டும்.

அறிகுறியும் காரணமும்

• கனத்த உறுமல், 100 ஹெர்ட்ஸ்: ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது.
• அதைவிடத் தாழ்ந்த சுருதியில் உறுமல், 50 ஹெர்ட்ஸ்: வால்வில் ஹீட்டர்–கேத்தோடு கசிவு, அல்லது எர்த் இணைப்பு.
• தட்டினால் சத்தம் வந்து போகிறது: உலர்ந்த சால்டரிங், தளர்ந்த வால்வு சாக்கெட். மரக்குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தட்டித் தேடுங்கள்.
• அலைவரிசை திடீரெனத் தாவுகிறது: டியூனிங் கேங்கின் அச்சை எர்த் செய்யும் ஸ்பிரிங்கில் காய்ந்த கிரீஸ்.
• டிரான்ஸ்மிட் செய்த பின் ரிசீவர் ஊமையாகிறது: ரிலே முனை. ஆல்கஹாலில் நனைத்த வெற்றுத் தாளை முனைகளுக்கு நடுவே இழுங்கள், உப்புத்தாள் கூடாது.
• சூடான பிறகு நின்றுவிடுகிறது: ஹேர் டிரையரால் ஒவ்வொரு பகுதியாகச் சூடாக்கிப் பாருங்கள்.
• எல்லா பேண்டிலும் மந்தம்: தானியங்கி கெயின் கட்டுப்பாட்டு (ஏஜிசி) பாதையில் கசிவு, வலுவிழந்த வால்வு, மதிப்பு ஏறிய ஸ்கிரீன் ரெசிஸ்டர்.

திருகு கடைசியில்தான்

செட் மந்தமாக இருந்தால் ஐஎஃப் காயிலைத் திருகிப் பார்க்கத் தோன்றும். தொடாதீர்கள். காயில் தானாகத் திருகிக்கொண்டு போவதில்லை, கெப்பாசிட்டர்தான் கெடுகிறது. கெட்ட பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், பாகத்தை மாற்றியதும் எல்லாம் பிசகும்.

எல்லாப் பாகமும் சரியான பின், செட்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மேனுவலில் சொன்ன வரிசையில் மட்டும் செய்யுங்கள். பிளாஸ்டிக் திருப்பியையே பயன்படுத்துங்கள். இரும்பு ஸ்குரூ டிரைவர் டியூனிங்கையும் மாற்றும், ஃபெரைட் கோரையும் உடைக்கும். இறுகிய கோரை வலுவாகத் திருகாதீர்கள். தொடங்கும் முன் பழைய இடத்தை மெல்லிய பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும், அளந்த ஒவ்வொரு வோல்டேஜையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை செட்டோடு வைத்திருங்கள். அடுத்த முறை பழுது வரும்போது உங்களுக்கும், உங்களுக்குப் பின் அந்த செட்டைத் திறப்பவருக்கும் மேனுவலை விட அதுவே அதிகம் உதவும்.